லாம்பெத் ரிஜிஸ்தர்

ஒரு மனிதன் பிறந்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? இதோ எதிரே நிற்கிறானே, அது போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நமக்குப் போதும், சர்க்காருக்குப் போதாது. 1952-ஆம் வருஷம் பிரிட்டிஷ் உளவு இலாகாவினர் லண்டன் ஸாமர்செட் ஹவுஸில் இருந்த ஜனன ரிஜிஸ்தர்களில் ஒரு பெயரைத் தேடினார்கள். அன்றைய உலகத்தில் அந்தப் பெயருக்கு உரியவரின் முகத்தைத் தெரியாதவர்கள் மிகக் குறைவு. மாட்டுவண்டியில் வந்து டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட் வாங்குகிறவனுக்குக்கூடத் தெரிந்த முகம் அது. சார்லி சாப்ளினுடைய முகம்.

அந்த வருஷம் செப்டம்பரில் சாப்ளின் 'லைம்லைட்' படத்தின் வெளியீட்டுக்காக அமெரிக்காவிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறியிருந்தார். அவர் கடலில் இருக்கும்போதே, திரும்பி வருவதற்கு இருந்த அனுமதியை அமெரிக்க சர்க்கார் ரத்து செய்துவிட்டது. கம்யூனிஸ்டு அனுதாபி என்று சந்தேகம். சந்தேகம் என்று வந்துவிட்டால் அப்புறம் எல்லாவற்றிலும் சந்தேகந்தானே? இந்த ஆசாமி உண்மையில் யார், சாப்ளின் என்பது சொந்தப் பெயரா, இஸ்ரேல் தார்ன்ஸ்டைன் என்று ஒரு பெயர் உண்டாமே, பிரான்ஸில் பிறந்தவர் என்கிறார்களே என்றெல்லாம் அமெரிக்காவிலிருந்து கேள்விகள் வந்தன. பிரிட்டிஷ்காரர்கள் தேடிப் பார்த்தார்கள். அந்தப் பெயரிலும் இல்லை, இந்தப் பெயரிலும் இல்லை. பிறப்புப் பதிவு அகப்படாதது விசித்திரந்தான், ஆனால் இதனால் தேசத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து ஒன்றும் இல்லை என்கிற பாவனையில் ஓர் அதிகாரி எழுதி வைத்துவிட்டார். அந்தக் காகிதக் கட்டு 2012-ல்தான் பொதுஜனங்கள் பார்வைக்கு வந்தது.

சாப்ளின் தம்முடைய சுயசரிதையை 1964-ல் வெளியிட்டார். தாம் 1889 ஏப்ரல் 16-ந் தேதி இரவு எட்டு மணிக்கு, லண்டனின் தென்பகுதியில் வால்வொர்த் என்ற பேட்டையில், ஈஸ்ட் லேன் என்ற தெருவில் பிறந்ததாக அதில் ஆரம்பத்திலேயே எழுதியிருக்கிறார். மணி உட்பட எல்லாம் இருக்கிறது. பதிவு மாத்திரம் இல்லை.

இங்கிலாந்தில் ஜனன மரணக் கணக்கைச் சர்க்கார் ஏற்று நடத்தத் தொடங்கியது 1837 ஜூலை முதல் தேதி. அதற்கு முன் மாதாகோவில் புத்தகங்கள்தாம். 1874-ல் ஒரு சட்டம் வந்து, குழந்தை பிறந்ததைச் சொல்லவேண்டிய பொறுப்பைப் பெற்றோர் தலையில் வைத்தது. நாற்பத்திரண்டு நாளைக்குள் சொல்லவேண்டும். தவறினால் நாற்பது ஷில்லிங் வரை அபராதம். ஆகவே சாப்ளினின் பெற்றோர் செய்தது குற்றமே. ஆனால் இருவரும் 'மியூசிக் ஹால்' என்ற பாட்டுக் கொட்டகைகளில் பாடிப் பிழைத்தவர்கள். இந்த வாரம் லண்டன், அடுத்த வாரம் வேறு ஊர். நாடகக் கம்பெனியோடு அலைந்த நம்மவர்களை நினைத்துக்கொண்டால் விஷயம் புரிந்துவிடும். ரிஜிஸ்திராரைத் தேடிப் போக யாருக்கு ஒழிந்தது?

நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் என் தகப்பனாருக்கு இரண்டு பிறந்த நாட்கள் உண்டு. ஒன்று ஜாதகத்தில் இருப்பது. மற்றொன்று, அவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் தம்முடைய சௌகரியத்தை உத்தேசித்துப் போட்டுக்கொண்டது. உத்தியோகமும் பென்ஷனும் இரண்டாவதை வைத்துத்தான் நடந்தன. சாப்ளினுக்கும் இரண்டு தேதிகள் இருக்கின்றன என்பதுதான் வேடிக்கை. மியூசிக் ஹால்காரர்களுக்காக நடந்த 'மாக்னெட்' என்ற பத்திரிகை 1889 மே 11-ந் தேதி ஒரு சிறு அறிவிப்பு வெளியிட்டது. பாடகர் சார்லஸ் சாப்ளினின் மனைவிக்குப் போன மாதம் 15-ந் தேதி அழகான ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் சேயும் நலம் என்று செய்தி. பதினைந்தா, பதினாறா? மகனுக்குத் தாய் சொல்லியிருப்பாள். பத்திரிகைக்குத் தகப்பன் சொல்லியிருப்பான். நான் தாயின் கட்சி.

இவ்வளவு நாளைக்குப் பிறகு இதிலே ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்தக் குடும்பத்தின் கதையில் நான் கண்ட ஒரு முறைதான் என்னை இதை எழுதத் தூண்டியது. பிறந்த அன்று அந்தக் குழந்தையை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. குடும்பம் சீராக நடந்த காலத்துக்கும் காகிதம் சொற்பம். அது விழத் தொடங்கிய பிறகுதான் காகிதம் பெருகுகிறது. ஒவ்வொரு தடவை விழும்போதும் யாரோ ஒரு குமாஸ்தா தேதி போட்டு எழுதியிருக்கிறான். டேவிட் ராபின்ஸன் என்ற ஸினிமா விமரிசகர் 1985-ல் வெளியிட்ட சாப்ளின் வரலாற்றில் இந்தப் பதிவுகளைத் தேடியெடுத்து வரிசைப்படுத்தியிருக்கிறார். அதைச் சாப்ளினின் சுயசரிதைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால், ஒரு தாயைப் பற்றி மகன் சொல்வதும் சர்க்கார் சொல்வதும் மாறி மாறிக் காதில் விழுகின்றன.

தாயின் பெயர் ஹன்னா. செருப்புத் தைக்கும் சார்லஸ் ஹில் என்பவரின் மகள். மேடைக்காக லிலி ஹார்லி என்று பெயர் வைத்துக்கொண்டாள். தான் பதினெட்டாவது வயதில் ஒரு சீமானோடு ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டதாகவும், அங்கே தோட்டங்கள், வேலைக்காரர்கள், சவாரிக் குதிரைகள் என்று சுகமாக வாழ்ந்ததாகவும் அவள் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். மூத்தவன் சிட்னி அந்த வாழ்க்கையில் பிறந்தவனாம். ஒரு பிரபுவின் மகனாம். இருபத்தொரு வயதானதும் இரண்டாயிரம் பவுன் அவனுக்கு வந்து சேருமாம்.

சிட்னிக்கு ஜனனப் பதிவு இருக்கிறது. 1885 மார்ச் 16-ந் தேதி. பெயர் சிட்னி ஜான் ஹில். பிறந்த இடம் ஆப்பிரிக்கா அல்ல. வால்வொர்த்தில் பிராண்டன் தெரு, 57-ஆம் எண் வீடு. ஹில் என்பது தாயின் குடும்பப் பெயர். தகப்பன் பெயர் எழுதவேண்டிய கட்டத்தில் ஒன்றும் இல்லை.

அடுத்த காகிதம் விவாகப் பதிவு. சரியாக மூன்று மாதமும் சில நாட்களும் கழித்து, 1885 ஜூன் 22-ந் தேதி, வால்வொர்த் பரிசுத்த யோவான் கோவிலில் ஹன்னா ஹில்லுக்கும் சார்லஸ் சாப்ளின் என்ற பாடகனுக்கும் கல்யாணம். மாப்பிள்ளைக்கு இருபத்திரண்டு, பெண்ணுக்குப் பத்தொன்பது. இருவரும் கொடுத்த விலாசம் ஒன்றே: பிராண்டன் தெரு 57. மூன்று மாதக் குழந்தை அந்த வீட்டில் ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருந்திருக்கும். அப்புறம் அந்தக் குழந்தையும் சாப்ளின் ஆயிற்று.

இந்த இரண்டு காகிதங்களையும் பார்த்துவிட்டு, ஹன்னா பொய் சொல்லிவிட்டாள் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு சுலபமாக மனம் வருவதில்லை. அந்தக் காலத்துச் சட்டப்படி, மணமாகாத தாய் குழந்தையைப் பதிவு செய்யப் போனால், தகப்பன் தானும் கூட வந்து சம்மதித்தால் ஒழிய அவன் பெயரை எழுதமாட்டார்கள். அவள் ஒரு பெயரைச் சொன்னாலும் குமாஸ்தா எழுதியிருக்கமாட்டான். ஆகவே அந்த வெற்றிடம் அவள் விட்ட வெற்றிடம் அல்ல. சட்டம் விட்ட வெற்றிடம். அதில் அவள் பிற்பாடு ஒரு பிரபுவையும் சில குதிரைகளையும் கொண்டுவந்து நிறுத்தினாள். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு ஒரு தாய் சொல்லக்கூடிய மறுமொழிகளில் இது ஒன்றும் மட்டமானதல்ல. கதை எழுதுகிறவர்கள் இதைவிட அற்ப காரணத்துக்கெல்லாம் பிரபுக்களைச் சிருஷ்டித்திருக்கிறோம்.

1891-ல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கில் வால்வொர்த் பார்லோ தெருவில் ஹன்னாவும் இரண்டு பையன்களும் இருக்கிறார்கள். அவளுடைய தாய் மேரி ஆன் கூட இருக்கிறாள். புருஷனைக் காணோம். 1892 ஆகஸ்டில் ஹன்னாவுக்கு மூன்றாவது ஆண் குழந்தை பிறந்தது. அதற்குத் தகப்பன் லியோ டிரைடன் என்ற வேறொரு பாடகன். கைக்குழந்தையாக இருக்கும்போதே அவன் அதைத் தாயிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். (அந்தப் பிள்ளை பெரியவனாகி, அண்ணனைக் கண்டுபிடித்து, ஹாலிவுட்டில் அவரிடமே வேலைக்கு வந்து சேர்ந்தது தனிக் கதை.) 1893-ல் பாட்டி மேரி ஆன் சித்தம் கலங்கி பான்ஸ்டெட் மனநோய் ஆஸ்பத்திரிக்குப் போனாள். குரலும் போய், மேடையும் போய், ஹன்னா தையல் வேலைக்கு வந்தாள். இனிமேல் அவளைப் பின்தொடர வேண்டுமானால் ஏழைகளின் ரிஜிஸ்தருக்குத்தான் போகவேண்டும்.

'ஒர்க்ஹவுஸ்' என்பதற்குச் சரியான தமிழ் வார்த்தை கிடையாது; நம்மிடம் அந்தச் சரக்கும் கிடையாது. பஞ்ச காலத்துக் கஞ்சித் தொட்டி வேறு. அங்கே குடித்துவிட்டு எழுந்து போய்விடலாம். இங்கே உள்ளே போனால் குடும்பத்தைப் பிரித்துவிடுவார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், குழந்தைகள் ஒரு பக்கம். சொந்தத் துணியை வாங்கி ஆவியில் போட்டுக் கிருமி நீக்கிக் கட்டி வைத்துவிட்டு விடுதி உடையைக் கொடுப்பார்கள். 1834-ல் செய்த ஏழைகள் சட்டத்தின் உட்கருத்தே, இந்த இடம் வெளியே உள்ள பட்டினியைவிடக் கொஞ்சம் கசப்பாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்பதுதான்.

அப்படிப்பட்ட இடத்தில் ஏன் இவ்வளவு அக்கறையாகக் கணக்கு எழுதினார்கள்? சரித்திரத்துக்காக அல்ல, காசுக்காக. ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு பாதுகாவலர் சபை உண்டு. ஓர் ஏழை வாசலில் வந்து நின்றால் சபை முதலில் விசாரிப்பது, இவன் நம்முடைய பேட்டை ஏழையா, பக்கத்துப் பேட்டை ஏழையா என்பது. எங்கே பிறந்தாய், எந்தத் தெருவில் எத்தனை வருஷம் குடியிருந்தாய், கல்யாணம் எங்கே நடந்தது, புருஷன் எங்கே, அவனுக்கு வரும்படி என்ன? அடுத்த பேட்டையின் தலையிலோ, ஓடிப்போன புருஷன் தலையிலோ செலவைக் கட்ட முடியுமா என்று பார்ப்பதற்காகக் கேட்ட கேள்விகள் இவை. இன்றைக்கு லண்டன் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து தங்கள் பாட்டன் பூட்டனைத் தேடுகிறவர்களுக்கு, அன்பினால் எழுதிய கடிதங்களைவிட இந்தக் கஞ்சத்தனத்தினால் எழுதிய கணக்குத்தான் அதிகம் உதவுகிறது.

1895 ஜூன் 29-ந் தேதி ஹன்னா லாம்பெத் ஏழைகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். சிட்னியைச் சபையின் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 1896 மே மாதக் கடைசியில் இரண்டு பையன்களும் ஒர்க்ஹவுஸில் நுழைந்தார்கள். சார்லிக்கு ஏழு வயது. ஜூன் 18-ந் தேதி அவர்களை ஹான்வெல் என்ற ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று இருந்த பெரிய பள்ளிக்கூடத்துக்கு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அந்த வருஷம் நவம்பரில் சிட்னி 'எக்ஸ்மவுத்' என்ற பயிற்சிக் கப்பலுக்குப் போய்விட்டான். சின்னவன் தனியாகத் தங்கினான். ஹான்வெல் ரிஜிஸ்தரில் அவன் வெளியேறிய தேதி 1898 ஜனவரி 18. பத்தொன்பது மாதம்.

அந்தப் பத்தொன்பது மாதத்தைப் பற்றி ரிஜிஸ்தரில் இரண்டு வரி இருக்கிறது. சுயசரிதையில் தலையில் படர்தாமரை வந்து மொட்டையடித்து அயோடின் தடவிய அவமானம் இருக்கிறது. செய்யாத குற்றத்துக்குப் பிரம்படி வாங்கியது இருக்கிறது. வந்த தேதியும் போன தேதியும் ஆபீசுக்குத் தெரியும். நடுவில் நடந்தது அடிபட்டவனுக்குத்தான் தெரியும்.

இதற்கிடையில் தகப்பன் எங்கே? அவன் அப்போதும் மியூசிக் ஹால்களில் பாடிக்கொண்டிருந்தான். அச்சடித்த பாட்டுப் புத்தகங்களின் அட்டையில் அவன் படம் வந்திருக்கிறது. பிள்ளைகளின் செலவுக்கு அவன் பணம் கட்டவில்லை. பாதுகாவலர் சபை அவன்மேல் வாரண்டு வாங்கி, துப்புக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு பவுன் வெகுமதி என்றுகூட விளம்பரம் செய்தது. கடைசியில் நாற்பது பவுனுக்கு மேல் ஏறியிருந்த பாக்கியை அவனுடைய அண்ணன் கட்டினார். ஒரு பவுன் வெகுமதி! மகனுடைய முகத்தைப் பார்க்க உலகம் பின்னால் கொட்டிய பணத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றால் முடியவில்லை.

இனி, எனக்கு இந்த ரிஜிஸ்தர்களிலேயே மிகவும் பிடித்த பதிவு.

1898 ஜூலை 22-ந் தேதி தாயும் இரண்டு பிள்ளைகளும் லாம்பெத் ஒர்க்ஹவுஸில் சேர்ந்தார்கள். ஒரு வாரத்தில் பையன்களை நார்வுட் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியாயிற்று. ஆகஸ்டு 12, வெள்ளிக்கிழமை. அன்று காலையில் மூன்று பேரும் விடுவிக்கப்பட்டதாக ஒரு பதிவு இருக்கிறது. அன்றைக்கே மூன்று பேரும் மறுபடி சேர்க்கப்பட்டதாக இன்னொரு பதிவு இருக்கிறது. குமாஸ்தா என்ன நினைத்திருப்பான்? காலையில் துணிகளை எடுத்துக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, கணக்கிலிருந்து பெயரை அடித்து அனுப்பி, சாயங்காலம் மறுபடியும் முதலிலிருந்து அத்தனையும் செய்வதென்றால் எந்த உத்தியோகஸ்தனுக்கும் எரிச்சல் வராதா? வந்திருக்கிறது. துணியையெல்லாம் திரும்பவும் ஆவியில் போடவேண்டுமே என்று அவர்கள் சீறியதைச் சாப்ளின் மறக்கவில்லை.

அந்த ஒரு பகலில் நடந்தது என்ன? பிள்ளைகளைப் பார்க்காமல் இருக்க முடியாமல், ஹன்னா தான் வெளியேறுவதாக விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டாள். தாய் வெளியேறினால் பிள்ளைகளையும் விட்டாக வேண்டும்; அது விதி. அவர்களுக்குப் போக ஒரு வீடும் இல்லை. கட்டி வைத்ததில் கசங்கிப்போன பழைய துணியை உடுத்திக்கொண்டு மூன்று பேரும் கென்னிங்டன் பூங்காவுக்குப் போனார்கள். சிட்னி கைக்குட்டையில் ஒன்பது பென்னி முடிந்து வைத்திருந்தான். அரை ராத்தல் கறுப்புச் செர்ரிப் பழம் வாங்கி, பெஞ்சியில் உட்கார்ந்து தின்றார்கள். செய்தித்தாளைக் கசக்கி, நூல் சுற்றிப் பந்தாக்கி எறிந்து பிடித்து விளையாடினார்கள். மத்தியானம் ஒரு காப்பிக் கடையில் மிச்சக் காசுக்கு ஒரு பன்னும் புகைபோட்ட மீன் ஒன்றும் இரண்டு கிண்ணம் தேநீரும் வாங்கி மூவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். பிறகு மறுபடி பூங்கா. பையன்கள் விளையாட, தாய் உட்கார்ந்து நூல் பின்னிக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்ததும், விடுதியில் தேநீர் கொடுக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்விடலாம் என்று அவள் விளையாட்டாகச் சொல்ல, எழுந்து நடந்தார்கள்.

சாப்ளின் இதை எழுதும்போது எழுபது வயதைத் தாண்டியவர். இத்தனை பண்டத்தையும் காசுக் கணக்கையும் ஒரு கிழவர் ஞாபகத்திலிருந்து சொன்னால், கதை விடுகிறார் என்றுதான் நமக்குத் தோன்றும். ரிஜிஸ்தர் குறுக்கே வந்து சாட்சி சொல்கிறது: வெள்ளிக்கிழமை, காலையில் போனார்கள், மாலையில் வந்தார்கள். இந்த இரண்டு பதிவுகளுக்கும் நடுவே இருக்கிற வெள்ளைக் காகிதத்தில்தான் அந்த அரை ராத்தல் செர்ரிப் பழம் இருக்கிறது.

சட்டத்தின் சந்து பொந்துகளை இவ்வளவு நன்றாகத் தெரிந்துகொண்டு, ஒரு நாளைத் திருடி எடுத்த அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதத்துக்குள் சித்தம் கலங்கிவிட்டது. செப்டம்பர் ஆரம்பத்தில் அவளை ஏழைகள் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே டாக்டர் எழுதிய குறிப்பு இருக்கிறது. ஒரு சமயம் கூச்சலிடுகிறாள், ஒரு சமயம் கொஞ்சிப் பேசுகிறாள், பாடுகிறாள், அழுகிறாள், தான் செத்துக்கொண்டிருக்கிறேனா என்று கேட்கிறாள். 15-ந் தேதி கேன் ஹில் மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பையன்களை அந்த மாதம் 27-ந் தேதி தகப்பன் வீட்டில், அவனோடு வாழ்ந்துகொண்டிருந்த லூயிஸ் என்ற பெண்ணின் பொறுப்பில், ரொட்டி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்த இரண்டு மாத வாசத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. மாற்றாந்தாய் வீடு எந்தத் தேசத்திலும் மாற்றாந்தாய் வீடுதான். நவம்பரில் ஹன்னா குணமாகித் திரும்பி வந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டாள்.

தகப்பனுடைய கடைசிக் காகிதம் மரணப் பதிவு. 1901 மே 9-ந் தேதி, ஸெயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி, காரணம் ஈரல் கெட்டது. நாற்பது வயதுகூட ஆகவில்லை. மியூசிக் ஹாலில் பாடுகிறவன் ஆட்டம் முடிந்ததும் கொட்டகையின் சாராயக் கடையில் ரசிகர்களோடு உட்கார்ந்து குடிக்கவேண்டும். அப்போதுதான் முதலாளிக்கு லாபம். அந்தத் தொழிலில் குடி என்பது கெட்ட பழக்கம் அல்ல, உத்தியோகத்தின் ஒரு பகுதி. ஆனால் மரண ரிஜிஸ்தரில் முதலாளியின் பெயருக்குக் கட்டம் கிடையாது.

இரண்டு வருஷம் கழித்து, 1903 மே மாதம். சிட்னி கப்பல் வேலையில் கடலுக்குப் போயிருந்தான். தாயும் சின்ன மகனும் கென்னிங்டன் சாலைக்கு அருகே, பௌனால் டெரஸ் மூன்றாம் எண் வீட்டின் மாடி அறையில் குடியிருந்தார்கள். ஒரு நாள் பையன் வீட்டுக்குத் திரும்பியபோது, வாசலில் இருந்த குழந்தைகள் உன் அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். அவள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, குழந்தைகளுக்குப் பிறந்த நாள் பரிசு என்று கரித்துண்டுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். பட்டினியில் நிற்கக்கூடத் தெம்பில்லாத அவளைப் பையன் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனான்.

1890-ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஒருவரை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு டாக்டர் ஒரு சர்டிபிகேட் எழுதவேண்டும். அதில் இரண்டு பகுதிகள். டாக்டர் தாமே கண்ட அடையாளங்கள் ஒரு பகுதி. பிறர் சொல்லி அறிந்தவை இன்னொரு பகுதி. யார் சொன்னது என்று பெயரும் விலாசமும் வேண்டும். சாதாரணமாகப் புருஷன் சொல்லுவான், சகோதரன் சொல்லுவான், வீட்டுக்காரி சொல்லுவாள். லாம்பெத் ரிஜிஸ்தரில் ஹன்னா சாப்ளினுக்கு நேரே எழுதியிருக்கும் பெயர் சார்லஸ் சாப்ளின், உறவு, மகன், விலாசம், பௌனால் டெரஸ் 3. அவனுக்குப் பதினான்கு வயது நிறைந்து மூன்று வாரந்தான் ஆகியிருந்தது. செத்துப்போனவர்கள் பலரைப் பற்றி அம்மா பேசிக்கொண்டே இருக்கிறாள். அவர்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்பதாக நினைக்கிறாள். இல்லாத மனிதர்களோடு பேசுகிறாள். அந்நியர் அறைகளுக்குள் போய்விடுகிறாள் என்பது அவன் கொடுத்த வாக்குமூலம்.

இந்த வாக்குமூலத்தை நான் பல தடவை படித்திருக்கிறேன். ஒரு கூட்டல் இல்லை, ஓர் அழுகை இல்லை. கண்டதைக் கண்டபடி, கேட்டவருக்கு விளங்கும்படி சொல்லியிருக்கிறான். பிற்காலத்தில் ஒரு வார்த்தை பேசாமல், ஒரு தோள் அசைப்பில் ஒரு மனிதனை நம் கண் முன் நிறுத்தியவரின் பார்வை இதிலே தெரிகிறதென்று சொன்னால் மிகை என்பீர்கள். போகட்டும். ஆனால் தான் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அம்மாவை எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்துதான் அந்தப் பிள்ளை பேசியிருக்கிறான். கேன் ஹில் அவனுக்குப் புதிய பெயர் அல்ல. இப்போது தான் தனியாக இருப்பதாகச் சொன்னால் மறுபடி ஒர்க்ஹவுஸ்தான் என்பதும் தெரியும். ஆகவே தன்னைக் கவனித்துக்கொள்ள ஓர் அத்தை இருப்பதாக அவர்களிடம் சொல்லிவிட்டுக் காலி அறைக்குத் திரும்பினான். அம்மாவைப் பற்றி உண்மை. தன்னைப் பற்றிப் பொய். மே 11-ந் தேதி அவளைக் கேன் ஹில்லுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தச் சர்டிபிகேட்டில் பட்டினிக்குக் கட்டம் இல்லை. சிட்னி கடலிலிருந்து திரும்பியதும் இரண்டு பேரும் தாயைப் பார்க்கப் போனார்கள். வெளிறிப்போய், உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலம் ஒரு கிண்ணம் தேநீர் மாத்திரம் கிடைத்திருந்தால் தனக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று சின்னவனிடம் அவள் சொன்னாளாம். அது வைத்திய சாஸ்திரப்படி சரியோ தப்போ. பதினான்கு வயதில் வாக்குமூலம் கொடுத்த பிள்ளையின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்! அறுபது வருஷம் கழித்து, ஸ்விட்ஸர்லாந்தில் பெரிய மாளிகையில் உட்கார்ந்து எழுதும்போதும் அவர் அந்தத் தேநீரை விட்டுவிடவில்லை.

இரண்டு மாதத்துக்குள் பையனுக்கு நாடகத்தில் இடம் கிடைத்தது. அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஹன்னா 1904 ஜனவரியில் வெளியே வந்து, அடுத்த வருஷம் மார்ச்சில் திரும்பவும் கேன் ஹில்லுக்குப் போனாள். ஏழு வருஷம் அங்கேயே இருந்தாள். 1912-ல் பிள்ளைகள் இருவரும் சம்பாதிக்கத் தொடங்கியிருந்தபடியால், அவளைப் பெக்கம் ஹவுஸ் என்ற தனியார் விடுதிக்கு மாற்றித் தாங்களே பணம் கட்டினார்கள். அத்தோடு லாம்பெத் சபையின் கணக்கிலிருந்து அவள் பெயர் போய்விட்டது. யாருக்குச் செலவு என்ற கேள்வி தீர்ந்துவிட்டதால், எங்கே பிறந்தாய், எங்கே குடியிருந்தாய் என்று கேட்க ஒருவருக்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. அவள் வாழ்க்கையின் கடைசிப் பகுதிக்கு இந்தக் குமாஸ்தாக்கள் சாட்சி இல்லை.

1921-ல் மகன்கள் அவளைக் கலிபோர்னியாவுக்கு வரவழைத்தார்கள். அமெரிக்கக் கரையில் இறங்கியபோது, குடியேற்ற இலாகா அதிகாரி மரியாதையாக, நீங்கள்தானா அந்தப் பிரசித்தி பெற்ற சார்லி சாப்ளினின் தாயார் என்று கேட்டாராம். ஆமாம் என்றவள், நீர் ஏசு கிறிஸ்து அல்லவா என்று அவரைத் திருப்பிக் கேட்டாளாம். ஆயுள் முழுவதும் உத்தியோகஸ்தர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னவள் அவள். கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு எடுத்து, கவனித்துக்கொள்ள நர்ஸும் வைத்தார்கள். ஏழு வருஷம் இருந்தாள். 1928 ஆகஸ்டு 28-ந் தேதி இறந்தாள். ஹாலிவுட்டில் புதைத்தார்கள்.

சாப்ளின் 1977-ல் கிறிஸ்துமஸ் அன்று இறந்தார். 1991-ல் அவர் மனைவியும் இறந்த பிறகு, அவருடைய மேஜையில் பூட்டிக் கிடந்த ஓர் இழுப்பறையைத் திறந்தார்கள். உள்ளே ஒரு கிழவர் 1970-களில் எழுதிய கடிதம் இருந்தது. நீர் லண்டனில் பிறக்கவில்லை. ஸ்மெதிக் ஊருக்குப் பக்கத்தில், பிளாக் பாட்ச் என்ற இடத்தில், ஜிப்ஸிகளின் கூண்டுவண்டியில் பிறந்தீர் என்று அதில் கண்டிருந்தது. பிரபலமானவர்களுக்கு இந்த மாதிரிக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வரும். இதை மட்டும் அவர் கிழிக்காமல் பூட்டி வைத்திருந்தார்.